வேடர் மனையில் வளர்ந்த பிள்ளை

அரசனுக்குப் பிறந்த குழந்தை ஒன்று, பிறந்த அப்போதே தாய் தந்தையரை விட்டு நீங்கி, வேடர் மனையில் வளர்ந்து, அவர் தொழிலைப் பயின்று, தன்னையும் வேடனென்றே எண்ணி வாழ்ந்திருந்த கதையை நம் நாட்டுத் தத்துவ ஆசிரியர்கள் மிகவும் விரும்பி எடுத்தாண்டிருக்கிறார்கள். பிருஹதாரணியக உபநிஷத்துக்குப் பாஷ்யம் செய்த சங்கரர், சம்பிரதாயம் அறிந்த பெரியோர் சொல்லிவந்த கதையென்று இதனைக் கூறுகிறார்; மெய்கண்டதேவர் சிவஞானபோதத்தின் எட்டாம் சூத்திரத்தில் ஐம்புலன்களையே வேடராக வைத்து இக்கதையைச் சில சொற்களில் அடக்குகிறார்; அவருடைய மாணாக்கராகிய அருணந்தி சிவாசாரியார் சித்தியாரில் அதனை விரித்துப் பாடுகிறார். கதை ஒன்றுதான் எனினும், முடிக்கும் விதத்தில் இரு மரபினரும் வேறுபடுகிறார்கள். சங்கரர் கூறும் கதையில், கருணை மிகுந்த யாரோ ஒருவர் வந்து, நீ வேடனல்லை, இன்ன அரசனுக்கு மகன் என்று அறிவிக்கிறார்; அறிவித்த மாத்திரத்தில் வேடனென்ற எண்ணம் ஒழிய, அவன் தன் ராஜ பதவியை உணர்ந்துகொள்ளுகிறான். சித்தியாரிலோ மூன்றாமவர் ஒருவரும் வருவதில்லை. அரசனே வருகிறான், நீ என் மகன் என்கிறான், வேடரினின்றும் பிரித்தெடுத்து, தனக்குரிய பெருமையைத் தந்து, பின்னும் பேணுகிறான்.

இவ்வேறுபாட்டை வேதாந்த சித்தாந்த விவாதமாகவே பார்த்துப் பழகிவிட்டோம். ஞானம் ஒன்றே போதுமா, அருளும் வேண்டுமா என்று வாதிட்டவர்களுக்குக் கதையில் வரும் சிறுவனைச் சிறுவனாக எண்ணிப் பார்க்கவேண்டிய அவசியம் நேரவில்லை; அவன் அவர்களுக்கு ஆன்மாவின் உருவகம், அவ்வளவே. ஆனால் யுத்தமும் கலகமும் எண்ணிறந்த பிள்ளைகளை உண்மையாகவே பெற்றோரிடமிருந்து பிரித்து அந்நியர் மனைகளில் வளரவிட்ட ஒரு நூற்றாண்டுக்குப் பின்னால் வாழும் நாம், அவ்வுருவகத்தை உருவகமாகவே விட்டுவிடுவதற்கில்லை. அரண்மனையில் அவன் கழித்த முதல் இரவு எப்படி இருந்தது? தன்னை மகனே என்றழைத்த அந்தப் புதிய மனிதரின் பக்கத்தில் அவனுக்கு உறக்கம் வந்ததா? பிரிவினால் அறுந்துபோன விசுவாசம், உண்மையை எடுத்துச் சொன்ன அளவில் மீண்டு விடுமா? இவற்றோடு வேறொரு கேள்வியும் சேர்ந்தே எழுகிறது: பற்றுதான் துக்கத்துக்கு மூலமென்று போதிக்கும் சமயங்கள், பற்றிக்கொள்ள ஒருவரும் இல்லாமையாலேயே துக்கத்தில் ஆழ்ந்துபோன குழந்தைக்கு என்ன விடை வைத்திருக்கின்றன?

ஜெர்மனியில் 1938 நவம்பர் 9ஆம் தேதி இரவு யூதர்களுடைய தொழுகைக்கூடங்கள் எரிக்கப்பட்டு, அவர்கள் கடைகள் சூறையாடப்பட்ட செய்தி உலகெங்கும் பரவிய பின்னர், பிரிட்டிஷ் அரசாங்கம், பதினேழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைப் பெற்றோர் இல்லாமல் தனியே தன் நாட்டுக்குள் அனுமதிக்க இசைந்தது. பிற்பாடு பிள்ளை ஒன்றுக்கு 50 பவுன் ஈடு கட்டவேண்டுமென்ற நிபந்தனையும் அதனோடு சேர்ந்தது. டிசம்பர் 2ஆம் தேதி முதற் கூட்டம் ஹார்விச் துறைமுகத்தில் இறங்கிற்று. அடுத்த செப்டம்பரில் யுத்தம் மூண்டு வழி அடைபடுவதற்குள், ஜெர்மனி, ஆஸ்திரியா, செக்கோஸ்லோவாக்கியா, போலந்து ஆகிய தேசங்களிலிருந்து ஏறத்தாழ 10,000 பிள்ளைகள், கழுத்தில் எண் எழுதிய அட்டையும், கையில் சிறு பெட்டியும், பத்து மார்க்குக்கு மேற்படாத பணமுமாக ரயிலேறி, கடல் கடந்து, லண்டன் லிவர்பூல் தெரு ஸ்டேஷனில் வந்து, முகமறியாத வளர்ப்புப் பெற்றோருக்காகக் காத்திருந்தார்கள். சில ஊர்களில் வழியனுப்ப வந்த பெற்றோரை ரயில் மேடைக்கே விடவில்லை. விடப்பட்ட இடங்களில், நாங்களும் சீக்கிரம் வந்துவிடுவோம் என்று சொல்லிச் சிரித்த முகத்தோடு நின்ற தாய்மார்களில் பெரும்பாலோரை அவர்கள் பிள்ளைகள் மறுபடியும் பார்க்கவே இல்லை. யுத்த காலத்தில் செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலமாக 25 சொற்களுக்கு மேற்படாத செய்திகள் மட்டும் வந்துகொண்டிருந்தன. பின்பு அவையும் நின்றுபோயின.

அந்தப் பெற்றோர் செய்ததைத் தியாகம் என்பதா, கைவிடுதல் என்பதா? பெரியவர்கள் எவரும் முன்னதையே சொல்லுவார்கள். நானும் அதையே சொல்லுவேன். ஆயினும் ஐந்து வயதுக் குழந்தைக்கு இந்த நியாயம் புலப்படுவதில்லை. கொலைகாரனுடைய கையிலிருந்து தன்னைத் தப்புவிக்கவே தாய் தன்னை ரயிலேற்றினாள் என்பதைக் குழந்தை அறியாது. தாய் தன்னை ரயிலேற்றிவிட்டுத் தான் பின்தங்கிவிட்டாள் என்பதை மட்டுமே அறியும். குற்றம் தன்னிடத்திலே இருந்திருக்க வேண்டும், தான் நல்ல பிள்ளையாக இருந்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டார்கள் என்ற அனுமானத்துக்கு அது வெகு விரைவில் வந்து சேருகிறது. வளர்ந்த பிறகு காரண காரியங்களை அறிந்துகொண்டு பெற்றோரைப் போற்றினாலும், அடிமனத்தில் வேரூன்றிவிட்ட அந்தப் பழைய அனுமானம் காரண காரியங்களுக்குக் கட்டுப்படுவதில்லை. சங்கரர் கதையிலே வரும் தயாளு எத்தனை முறை வந்து உண்மையை அறிவித்தாலும் இந்த இடத்தில் அவருடைய வேலை முடிந்துவிடாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

உயிர் பிழைத்து வந்து பிள்ளைகளைத் தேடிக் கண்ட பெற்றோரும் சிலர் இருந்தார்கள். அந்தச் சந்திப்புகளைப் பற்றி அக்காலப் பிள்ளைகள் முதுமையிலே எழுதியவற்றைப் படிப்பவர், ஆனந்தக் கண்ணீரை எதிர்பார்த்துச் சென்றால் ஏமாந்துபோவார். தாய் பேசியது ஜெர்மன். பிள்ளை அதை மறந்து ஆங்கிலத்திலே சிந்திக்கப் பழகியிருந்தது. நாஜிகளின் முகாமிலிருந்து மீண்டு வந்தவள் மெலிந்து, வயதுக்கு மீறி மூத்து, ஓயாமல் அஞ்சுபவளாக இருந்தாள். பிள்ளையோ இங்கிலாந்தின் ஏதோ ஒரு கிராமத்தில் வேறொரு பெண்மணியை அம்மாவென்றோ அத்தையென்றோ அழைத்துக்கொண்டு, வேறு வழிபாட்டிலும் வேறு உணவிலும் ஊறியிருந்தது. வேடர் மனை என்று நம் நூல்கள் இழிவு தோன்றச் சொல்லுகின்றனவே, இங்கே அவ்வேடர் பலர் நல்லவர்களாகவே இருந்தார்கள். அதுதான் சிக்கலை அதிகமாக்கிற்று. பெற்றவள் வந்து நின்ற அன்று, அந்தப் பிள்ளை தன் வாழ்நாளில் இரண்டாம் முறையாகத் தாயொருத்தியை இழக்க வேண்டியதாயிற்று.

இப்படிப்பட்ட சந்திப்பு ஒன்றை நம் புராணமும் அறியும். கம்சனைக் கொன்று சிறையைத் திறந்த கண்ணன், தன்னைப் பெற்ற தேவகி வசுதேவர் முன்னே வந்து வணங்கி நின்றபோது, அவர்கள் அவனைக் கட்டியணைக்கவில்லை என்று பாகவதம் கூறுகிறது. அவன் யாரென்பது அவர்களுக்கு ஐயமறத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்ததே தடையாக நின்றது. சர்வேசுவரன் என்ற அறிவு பெற்ற மகன் என்ற உணர்வை அச்சுறுத்தி விலக்கிவிட்டது. அப்போது கண்ணன் தன் மாயையை அவர்கள் மேல் விரித்து, அம்மா, அப்பா என்றழைத்து, தன்னுடைய பிள்ளைப் பருவத்தை அனுபவிக்கும் பாக்கியம் அவர்களுக்கு வாய்க்காமற் போனதற்காக வருந்திப் பேசிய பின்னரே அவர்கள் கைகள் நீண்டன. தத்துவ நூல்களில் அறிவை மறைக்கிற குற்றத்துக்காக இகழப்படும் மாயை, இங்கே அன்புக்கு வழிவிடும்பொருட்டு இறைவனால் ஏவப்படுகிறது. குலசேகராழ்வார் பெருமாள் திருமொழியில் தேவகியின் வாயிலாகப் பாடிய புலம்பலும் இந்த இடத்தை உணர்ந்தே எழுந்தது. தாலாட்டாத, ஊட்டாத, தளர்நடை காணாத தாயின் இழப்பை, மகன் திரும்பிவந்ததும் முற்றும் துடைத்துவிடவில்லை. பெரியாழ்வார் யசோதையாகித் திளைத்த அத்தனையும் தேவகிக்கு இல்லாமற்போன பொருள்கள். நம் பக்தி மரபின் நுட்பம் ஒன்றை இங்கே கவனிக்கலாம்: இரு தாய்மாரில் ஒருத்தியை மெய்த்தாயென்று தீர்ப்புச் சொல்லி மற்றவளை விலக்க அது ஒருபோதும் முற்படவில்லை. வழக்குமன்றங்கள் இதனைக் கற்றிருந்தால் யுத்தத்துக்குப் பின் ஐரோப்பாவில் பல பிள்ளைகள் கிழிபட்டிருக்க மாட்டார்கள்.

இனி, அழாத குழந்தையைப் பற்றிச் சொல்லவேண்டும். வியன்னாவிலிருந்து 1938இல் தந்தையோடு தானும் அகதியாக லண்டனுக்கு வந்த அன்னா பிராய்டு, டோரதி பர்லிங்ஹாம் என்ற தோழியாருடன் சேர்ந்து, ஹாம்ஸ்டெட் என்னுமிடத்தில் யுத்த காலத்துச் சிசுக்களுக்காக விடுதிகள் நடத்தினார். குண்டு வீச்சினால் வீடிழந்த குழந்தைகள், தந்தை போர்முனைக்கும் தாய் தொழிற்சாலைக்கும் போய்விட்ட குழந்தைகள் அங்கே வளர்ந்தார்கள். அவ்விருவரும் கண்ட முதல் உண்மையே பலரைத் திகைக்கச் செய்தது: குண்டுகளால் நேர்ந்த அதிர்ச்சியைக் காட்டிலும் தாயைப் பிரிந்ததால் நேர்ந்த அதிர்ச்சி குழந்தைகளை ஆழமாகத் தாக்கியிருந்தது. பக்கத்தில் அமைதியான தாய் இருந்தால் இடிபாடுகளுக்கு நடுவிலும் குழந்தை உறங்கிற்று. தாய் நடுங்கினால் அதுவும் நடுங்கிற்று. விடுதியில் கொதிகலன் பார்க்கும் வேலைக்கு வந்து சேர்ந்து, பின்பு ஆராய்ச்சியாளராக உயர்ந்த ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர், தாயைப் பிரிந்த சிறு குழந்தை கடந்துபோகும் மூன்று அவஸ்தைகளைப் பின்னாளில் விவரித்தார். முதலில் அது கதறுகிறது. கதவையே நோக்கி நின்று, வருவோர் போவோரையெல்லாம் உதறித் தள்ளுகிறது. அடுத்து, நம்பிக்கையிழந்து ஓய்ந்து கிடக்கிறது. மூன்றாவதாக ஒருநாள் அது தேறிவிட்டதுபோல எழுந்து உட்காருகிறது. உண்கிறது, விளையாடுகிறது, யார் வந்தாலும் சிரிக்கிறது. தாயே வந்து நின்றாலும் அதே பொதுவான சிரிப்புச் சிரிக்கிறது, அல்லது முகத்தைத் திருப்பிக்கொள்ளுகிறது. அக்காலத்து ஆஸ்பத்திரித் தாதிகள் இந்த மூன்றாம் நிலையைத்தான் குழந்தை நன்றாகப் பழகிவிட்டது என்று மெச்சினார்கள்.

நல்லது, பற்றற்ற நிலை என்று நாம் போற்றுவது இதுதானா? இன்ப துன்பங்களில் சமமாக இருப்பது, வேண்டியவர் வேண்டாதவர் என்ற பேதமின்றிப் பழகுவது, இழந்ததை நினைத்து வருந்தாமை ஆகிய ஸ்திதப்பிரக்ஞனுடைய லட்சணங்களை ஒவ்வொன்றாக எடுத்து இக்குழந்தையோடு பொருத்திப் பார்த்தால் பெரும்பாலும் பொருந்திவிடுகின்றன; பொருந்துவதைக் கண்டு நாம் அஞ்ச வேண்டும். கீதையும் குறளும் புலனடக்கத்துக்கு ஆமையை உவமை சொல்லுகின்றன. ஆமை ஓட்டுக்குள் ஒடுங்குவது ஆபத்தைக் கண்டு. முனிவர் அவயவங்களை உள்ளிழுப்பது வலிமையினால். அகதிக் குழந்தை உள்ளிழுப்பது வேறு புகலிடம் இல்லாமையினால். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. துறவைப் புகழ்ந்து பேசுவோர் பலர் இந்த இரண்டையும் பிரித்தறியும் சிரமத்தை மேற்கொள்ளுவதில்லை என்பது என் அபிப்பிராயம். வள்ளுவர் மக்கட்பேற்றை முன்னே வைத்துத் துறவைப் பின்னே வைத்த வரிசையில் எத்துணை உளவறிவு அடங்கியிருக்கிறதென்று இக்குழந்தைகளைப் பற்றிப் படிக்கும்போதுதான் எனக்கு விளங்கிற்று. மழலையையும் மெய் தீண்டலையும் அனுபவித்து நிறைந்தவனால் மட்டுமே பிற்பாடு எதையேனும் விட முடியும். கையில் ஒன்றும் வைத்திராதவன் விடுவதற்கு ஏதுமில்லை.

ஹாம்ஸ்டெட் விடுதியில் நடந்த மற்றொரு செய்தி இதனை உறுதிப்படுத்துகிறது. எல்லாக் குழந்தைகளையும் எல்லாத் தாதியரும் பொதுவாகப் பார்த்துவந்த ஏற்பாட்டை மாற்றி, நான்கைந்து குழந்தைகளுக்கு ஒரு தாதியென்று வகுத்து, குளிப்பாட்டுவதும் உடுத்துவதும் உறங்க வைப்பதும் அந்த ஒருத்தியே என்று ஆக்கிப் பார்த்தார்கள். சில நாட்களுக்குள்ளேயே, அதுவரை சாதுவாக இருந்த விடுதி அமளிப்பட்டது. தாதி அறையை விட்டு நகர்ந்தால் அழுகை, வேறு குழந்தையைத் தூக்கினால் பொறாமை, அடி, கடி, பிடிவாதம். பார்வைக்கு முன்னிருந்ததைவிட நிலைமை மோசமாயிற்று. உண்மையிலோ அக்குழந்தைகள் உயிர்த்தெழுந்திருந்தார்கள். இழக்க அஞ்சத் தக்க ஒருவர் வாய்த்தபிறகே குழந்தைக்கு அழத் துணிவு வருகிறது. பெற்ற தாயர் எந்த நேரத்திலும் வந்து பார்க்கலாம் என்று கதவையும் திறந்துவைத்தார்கள். வந்தால் குழந்தை அழுகிறது, ஆகையால் வராதிருப்பதே நலம் என்று மற்ற நிலையங்கள் எண்ணிய காலம் அது.

யுத்தத்தின் முடிவில் அன்னா பிராய்டின் பொறுப்புக்கு வந்த வேறு ஆறு குழந்தைகளின் சரித்திரத்தை இங்கே சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். மூன்று நான்கு வயதுடைய அவ்வறுவரும் தெரேசின்ஸ்டாட் முகாமிலிருந்து மீட்கப்பட்டு, 1945 ஆகஸ்டில் விமானத்தில் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டு, அவ்வாண்டு அக்டோபரில் சஸெக்ஸ் மாகாணத்துக் கிராமமொன்றில் புல்டாக்ஸ் பேங்க் என்ற வீட்டில் குடியேற்றப்பட்டார்கள். பிறந்த சில மாதங்களில் பெற்றோர் கொல்லப்பட்டு, தாயற்ற குழந்தைகளின் அறையில் மாறி மாறி வந்த கைகளில் வளர்ந்தவர்கள் அவர்கள். அவர்களைப் பேணிய சோபி, கெர்ட்ரூட் டான் என்ற சகோதரிகளும் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரிலிருந்து ஓடிவந்த அகதிகளே. வந்த புதிதில் குழந்தைகள் விளையாட்டுச் சாமான்களை எல்லாம் உடைத்தார்கள். மேசை நாற்காலிகளைச் சேதப்படுத்தினார்கள். பெரியவர் அருகே வந்தால் அடித்தார்கள், கடித்தார்கள், துப்பினார்கள், அல்லது அப்படி ஒருவர் இருப்பதையே மதியாமல் இருந்தார்கள். ஆனால் தமக்குள்ளே அவர்கள் காட்டிய பரிவு பார்த்தவர்களை வியப்பில் ஆழ்த்திற்று. ஒருவரை விட்டு ஒருவர் பிரிய அவர்கள் இசையவில்லை. வழிநடையில் ஒருவன் பின்தங்கினால் மற்றவர் நின்றார்கள். பள்ளம் தாண்ட உதவினார்கள். முட்கிளையை ஒதுக்கிப் பிடித்தார்கள். களைத்தவனுடைய மேற்சட்டையைச் சுமந்தார்கள். சாப்பாட்டு வேளையில் தாம் உண்பதைக் காட்டிலும் பக்கத்திலிருப்பவனுக்கு எடுத்துக் கொடுப்பது அவர்களுக்கு முக்கியமாக இருந்தது. பொறாமை என்பதே அவர்களிடம் காணப்படவில்லை.

சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம், ஞானம் கைவந்தவர் கடைசியாகச் செய்யவேண்டுவது அன்பரோடு கூடியிருத்தல் என்கிறது. ஞானிகள் முடிவில் சென்று சேரும் அந்தக் கூட்டத்திலேயே இந்தப் பிள்ளைகள் தொடங்கினார்கள். இவர்களுக்குப் பெரியவரிடத்தில் பற்று எப்படி உண்டாயிற்று என்பதுதான் எனக்கு மிகவும் உவப்பான பகுதி. குழந்தையாகப் பாவித்து மடியிலிருத்த முயன்றதால் அது உண்டாகவில்லை. ஒருநாள் உணவைப் பங்கிடும்போது அந்தப் பெண்மணிகளுக்கும் பங்கு வந்ததா என்று பிள்ளைகள் கவனிக்கத் தொடங்கினார்கள். தம்முள் ஒருவருக்கொருவர் காட்டிய அக்கறையை அவர்களுக்கும் காட்டினார்கள். அதாவது, பெரியவர்களைத் தம் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அந்த வாயில் வழியாகவே, பின்பு, எனக்கே உரியவள் என்ற தனிப்பற்றும், அதனோடு கூடவே அதுவரை இல்லாத பொறாமையும் பிணக்கும் வந்தன. மனிதரை மனித உருவிலே வந்து ஆட்கொள்ளும் குருவைப் பற்றி உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் சொல்லும்போது, விலங்கைப் பிடிக்க அவ்வினத்து விலங்கையே பார்வையாக வைக்கும் வழக்கத்தை நினைவூட்டுகிறார். வருபவர் தம் உயர்வோடு வந்தால் உயிர் அஞ்சி விலகும். அதன் இனத்தவராய் வரவேண்டும். சஸெக்ஸ் கிராமத்து வீட்டில் அந்தச் சகோதரிகள் கட்டளையிடும் பெரியவராக நில்லாமல் கூட்டத்தில் ஏழாமவரும் எட்டாமவருமாகச் சேர்க்கப்படும் வரையில் பொறுத்திருந்தார்களே, அதைத் தவம் என்று சொல்ல நான் தயங்கமாட்டேன்.

ஹான்ஸ் கெயில்ஸன் என்ற மருத்துவரின் ஆராய்ச்சி இவ்விஷயத்தில் ஒரு திருப்பத்தை உண்டாக்கிற்று. ஜெர்மனியில் பிறந்து ஹாலந்துக்கு ஓடி, அங்கே தலைமறைவாக வாழ்ந்து, தம் பெற்றோரை ஆஷ்விட்ஸில் இழந்த அவர், யுத்தத்துக்குப் பின் அனாதைகளான யூதக் குழந்தைகளுக்கு மருத்துவம் செய்து, அவர்களில் 204 பேரைப் பல்லாண்டுகளுக்குப் பிறகு தேடிக் கண்டு, 1979இல் தம் நூலை வெளியிட்டார். அவர் குழந்தைகளின் துன்பத்தை மூன்று காலங்களாகப் பகுத்தார்: நாடு பிடிக்கப்பட்டு அபாயம் சூழ்ந்த காலம், பெற்றோரைப் பிரிந்து ஒளிந்தோ முகாமிலோ கழித்த காலம், யுத்தம் முடிந்து யாரிடம் வளர்வது என்று தீர்மானிக்கப்பட்ட காலம். எல்லாரும் எதிர்பார்ப்பது நடுக்காலமே வாழ்வை நிர்ணயிக்கும் என்பது. ஆனால் நடுக்காலத்தில் கொடுமைகளை அனுபவித்தும் மூன்றாம் காலத்தில் நல்ல இடம் வாய்த்தவர்கள், நடுக்காலத்தில் ஓரளவு காக்கப்பட்டும் மூன்றாம் காலத்தில் இடர்ப்பட்டவர்களைக் காட்டிலும் பிற்காலத்தில் நலமாக இருந்ததை அவர் கண்டார். கர்ம நியமத்தைக் கல்லில் எழுதிய எழுத்தாக நினைத்துக்கொண்டு, பட்டவன் பட்டவனே என்று பெருமூச்செறியும் நம்மவர் மனப்பான்மைக்கு இது சரியான மறுப்பு. நடந்தது நடந்ததுதான், ஆனால் அதன் விளைவில் பெரும் பகுதி, அதன் பின்னர் அக்குழந்தையைச் சூழ்ந்திருப்போர் செய்கையிலே இருக்கிறது. அந்தப் பொறுப்பை விதியின்மேல் ஏற்றித் தப்பித்துக்கொள்ளும் உரிமை நமக்கில்லை.

இந்த மூன்றாம் காலம் நம் கண்ணெதிரேயும் நடந்துகொண்டிருக்கிறது. இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற தமிழரைத் தடுத்துவைத்து நோய்ச் சோதனை செய்து அனுப்பிய மண்டபம் முகாம், 1983க்குப் பிறகு, அத்தீவிலிருந்து படகேறி வந்தவர்களை வாங்கிக்கொள்ளும் வாசலாயிற்று; அங்கிருந்து தமிழ்நாடெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களுக்கு அவர்கள் பிரித்தனுப்பப்பட்டார்கள். அதே ஆண்டுகளில், ராணுவத்தின் கையிலோ இயக்கங்களின் கையிலோ பிள்ளை அகப்பட்டுவிடாதிருக்க வேண்டுமென்று, நகையையும் காணியையும் விற்று, பதினைந்து பதினாறு வயதுப் பையன்களைத் தனியே ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் அனுப்பிய பெற்றோர் யாழ்ப்பாணத்தில் ஊருக்கு ஊர் இருந்தார்கள். பெர்லின் தாய்மார் செய்ததையே அவர்களும் செய்தார்கள். இவ்விதப் புண்ணுக்கு மனவடு என்ற பெயரை வழங்கிய யாழ்ப்பாணத்து மனநோய் மருத்துவர் தயா சோமசுந்தரம், அதனைத் தனி மனிதனுடைய நோயாக மட்டும் காணாமல் குடும்பமும் ஊரும் சேர்ந்து அடைந்த காயமாகக் கண்டு, ஜபம், சாந்தி ஆசனம், ஈமக் கடன்கள் முதலிய பழகிய வழிகளையும் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டார். சடங்குகளை மூடநம்பிக்கை என்று ஒரேயடியாகத் தள்ளுவோர் இதைக் கவனிக்க வேண்டும். உடல் கிடைக்காத தந்தைக்குத் திதி கொடுக்க முடியாமல் வருஷக்கணக்காகத் தவிக்கும் வீட்டில், தாயின் கண் எப்போதும் வாசலிலேயே இருக்கிறது. எதிரே அமர்ந்திருக்கும் குழந்தையை அக்கண் பார்ப்பதில்லை.

ஆகவே குழந்தைக்கு உதவ விரும்புவோர் முதலில் தாய்க்கும் தந்தைக்கும் ஆறுதலாக நிற்கவேண்டியவர்களாகிறார்கள். முகாம் வாழ்வில் தகப்பன் பிள்ளையின் கண்முன்னேயே பதிவுக்கு வரிசையில் நிற்கிறான். அந்நிய தேசத்திலோ மொழி தெரியாத தாய்க்குப் பிள்ளையே டாக்டரிடத்திலும் அதிகாரியிடத்திலும் மொழிபெயர்ப்பாளனாகப் போகிறான். காக்க வேண்டியவரைத் தான் காக்க நேர்ந்த பிள்ளை சீக்கிரமே பெரியவனாகிவிடுகிறான். ஊரார் அவனைச் சமர்த்தென்று புகழுகிறார்கள். இங்கேயும் அழாத குழந்தையின் கதைதான். அதிகாரி பிள்ளையை விலக்கிவிட்டு வேறொரு மொழிபெயர்ப்பாளரை அழைத்தால் அதுவே பெரிய மருத்துவம். குறித்த வேளையில் உணவு. உறங்குமுன் அதே பாட்டு, அதே கதை. எங்கே போகிறேன், எப்போது வருவேன் என்று சொல்லிவிட்டுப் போய், சொன்ன வேளையில் திரும்பிவருதல். இறந்தவரை ஊருக்குப் போயிருக்கிறார் என்று மறைக்காமல், குழந்தை தாங்கும் அளவில் மெய் சொல்லுதல். ஏன் என்னை அனுப்பினாய் என்று அது சீறும்போது, உன் நன்மைக்காகத்தான் என்று வாதாடித் தன்னைத் தூய்மைப்படுத்திக்கொள்ள முந்தாமல், அந்தச் சீற்றத்தைக் கேட்டு நிற்றல் ஆகிய இவை யாவும் மிகச் சாதாரணமானவை. கடைசியிற் சொன்னது மாத்திரம் சாதாரணமன்று. பெரும் தியாகம் செய்தவனுக்கு அத்தியாகம் குற்றமாகச் சாட்டப்படுவதைப் பொறுப்பதே மிகக் கடினம். அங்கே தோற்றுப்போன நல்ல பெற்றோர் அநேகர்.

இறைவன் உயிரின் பக்குவம் நோக்கி மறைந்து நிற்கிறான், மறைப்பதும் அவனுடைய அருளே என்று சித்தாந்திகள் கூறும்போது, துன்பப்படுவோருக்குச் சொல்லும் சமாதானமாகவே அது பலருக்குப் படுகிறது. நானும் நெடுங்காலம் அதில் திருப்தி கொண்டதில்லை. பிரிந்த பிள்ளையின் முன் உரிமையை வற்புறுத்தாமல், அம்மா என்று கூப்பிடு என்று கேட்கவும் செய்யாமல், வளர்த்தவளுடைய புகைப்படத்தை அதன் தலைமாட்டிலேயே இருக்கவிட்டு, அடுத்த அறையில் விழித்திருக்கும் தாய் ஒருத்தியை எண்ணும்போது அக்கொள்கைக்கு ஒருவாறு பொருள் தெரிகிறது. ஆனால் இக்கொள்கையைப் பிழையான இடத்தில் கொண்டுபோய் வைப்பாரும் உண்டு. காத்திருத்தல் தாய் செய்தால் அருள். சர்க்கார் அலுவலகம் செய்தால் அப்படியாகாது. 1951ஆம் வருஷத்து அகதிகள் உடன்படிக்கையின் ஷரத்துக்களில் குடும்ப ஒற்றுமைக்கென்று ஒரு ஷரத்து இல்லை. அவ்வுடன்படிக்கையை ஏற்ற மாநாட்டின் இறுதித் தீர்மானத்தில் சிபாரிசாக மட்டுமே அது இடம்பெற்றது. குழந்தைகளின் உரிமைகள் பற்றிய 1989ஆம் வருஷத்து உடன்படிக்கையின் பத்தாம் ஷரத்து, பிரிந்த குடும்பம் சேர்வதற்கான மனுக்களை மனிதாபிமானத்தோடும் விரைவாகவும் கவனிக்க வேண்டுமென்று கூறுகிறது. அதில் கையொப்பமிட்ட தேசங்களில் பலவற்றின் மேசைகளில் அம்மனுக்கள் வருஷக்கணக்கில் கிடக்கின்றன. மூன்று வயதில் பிரிந்த குழந்தைக்கு இரண்டு வருஷம் என்பது, நினைவு தெரிந்த அதன் வாழ்வு முழுவதும். அந்தக் காகிதத்தைக் கட்டிலிருந்து எடுத்துப் படிக்கும் குமாஸ்தா, சித்தியார் கதையில் அரசனுடைய ரதம் வேடர் சேரிக்குப் போகும் பாதையில் நிற்கிறார்.